இதய நோய் ஆராய்ச்சியில் அளவையும் ஏதுப்போலியும்

நூலொன்றைத் திறனாய்வோர் அதன் சொல்லையும் பொருளையும் தனித்தனியே ஆராய்ந்து, நிறையும் குறையும் எடுத்துக் கூறுதல் தமிழ் மரபு. உரையாசிரியர் எழுப்பும் தடைகளும், அவற்றுக்கு அவரே தரும் விடைகளும் அம்மரபின்பாற் பட்டனவே. அறிவியற் கொள்கைகள் மட்டும் அத்தகைய ஆய்வுக்குப் புறம்பானவை என்று கருதுதற்குக் காரணம் யாதுமில்லை. மருத்துவர் கூறுவதை மருத்துவரே ஆராய வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், ஒரு கொள்கை மருத்துவமனையை விட்டு வெளியேறிப் பத்திரிகைக்கும் கடைத்தெருவுக்கும் பள்ளி மாணவரின் கட்டுரை ஏட்டுக்கும் வந்துவிட்ட பிறகு, அதனைப் படிப்போரும் கற்பிப்போரும் ஆராயாது ஏற்றுக்கொள்ளுதல் தகாது.

அத்தகைய கொள்கை ஒன்று கடந்த நாற்பது ஆண்டுகளாகச் செல்வாக்குப் பெற்று விளங்குகிறது. இதய நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மூலகாரணம் உடலினுள் அளவுமீறி நிகழும் உயிர்வளியேற்றமே என்பதும், அதனைத் தடுக்கும் வைட்டமின்களை மாத்திரையாக உட்கொண்டால் அந்நோய்கள் அணுகா என்பதும் அக்கொள்கையின் சாரம். முதற் பகுதி ஆராய்ச்சியாளருடையது. இரண்டாம் பகுதி பெரிதும் வணிகருடையது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுவதால் விளையும் தீங்கு சிறிதன்று. இரத்தக் கொதிப்புக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதனினும் பன்மடங்கு விலையுள்ள வைட்டமின் புட்டியை வாங்கி வைத்திருப்போர் பலர். ஆகவே, இக்கொள்கையின் சொல், வாதம், சான்று ஆகிய மூன்றையும் முறையே நோக்குதல் வேண்டும்.

சொல்லின் குற்றம்

முதற்கண் சொல்லை நோக்குவது தமிழாசிரியர்க்கு இயல்பு. இத்துறையில் தமிழில் வழங்கும் சொற்கள் மூன்று: இரத்த அழுத்தம், மன அழுத்தம், உயிர்வளியேற்ற அழுத்தம். ஆங்கிலத்தில் முதற்சொல் 'பிரஷர்' என்றும், ஏனைய இரண்டும் 'ஸ்ட்ரெஸ்' என்றும் வேறுபட்டு நிற்பன. தமிழில் மூன்றும் ஒரே 'அழுத்தம்' ஆகிவிட்டன. இதனால், இம்மூன்றும் ஒரு பொருளின் மூன்று வடிவங்கள் என்றும், ஒன்று கூடினால் மற்றவையும் தாமே கூடும் என்றும் படிப்பவர் மயங்குகின்றனர். சொல்லின் ஒற்றுமை பொருளின் ஒற்றுமையாகத் தோன்றுகிறது.

இரத்த அழுத்தம் என்பது அளக்கத்தக்க ஒரு விசை. இரத்தக் குழாயின் சுவர்மீது இரத்தம் செலுத்தும் அவ்விசை, பாதரச மில்லிமீட்டர் கணக்கில் எண்ணாக எழுதப்படுகிறது. உயிர்வளியேற்ற அழுத்தம் எனப்படுவது விசையே அன்று. 1985ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் சீஸ் அச்சொல்லுக்கு வரையறை கூறியபோது, உயிர்வளியேற்றும் பொருள்களுக்கும் அவற்றைத் தடுக்கும் பொருள்களுக்கும் இடையேயுள்ள சமநிலை, முன்னவற்றின் பக்கம் சாய்வதையே குறித்தார். ஒன்று விசை, மற்றொன்று சமநிலையின் கேடு. இயற்பியல் பாடநூல்கள் 'பிரஷர்' என்பதை அழுத்தம் என்றும், 'ஸ்ட்ரெஸ்' என்பதைத் தகைவு என்றும் பிரித்து வழங்குகின்றன. மருத்துவக் கட்டுரையாளர் மட்டும் அவ்வேறுபாட்டைக் கைவிட்டது ஏனோ? அவ்வரையறையைத் தழுவி இதனை 'உயிர்வளியேற்றச் சமன்கேடு' என வழங்கின் மயக்கம் நீங்கும். இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

'இரத்தக் கொதிப்பு' என்னும் பழஞ்சொல்லும் குறையற்றதன்று. இரத்தம் கொதிப்பதுமில்லை, அதன் வெம்மை கூடுவதுமில்லை. கோபக்காரனுக்கே இந்நோய் வரும் என்னும் எண்ணத்தை அச்சொல் வளர்க்கிறது. மலாய் மொழியில் வழங்கும் 'டாரா திங்கி' என்பதும் உயர்ந்த இரத்தம் என்றே பொருள்படும்; இரத்தம் மிகுந்துவிட்டது என்று அதனைக் கேட்பவர் கொள்ளுதல் கூடும். அமைதியே வடிவானவர்க்கும் மெலிந்த உடலினர்க்கும் இந்நோய் உண்டு என்பதை இச்சொற்கள் மறைத்துவிடுகின்றன.

நிலைபெற்ற கொள்கை ஒன்று

ஒரு கொள்கையின் சான்று போதுமா என்று அறிய வேண்டின், முழுமையான சான்று பெற்ற மற்றொரு கொள்கையை அதன் அருகில் வைத்துப் பார்ப்பதே நேரிய முறை. அதற்குத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. இரத்த அழுத்தத்தின் வரலாறே போதும்.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், குதிரை ஒன்றன் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் உயர்ந்து நிற்பதைக் கண்டு 1733இல் வெளியிட்டார். இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896இல் கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை அமைத்தார். ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905இல், பட்டையின் கீழே காதுகொடுத்துக் கேட்டு மேலளவையும் கீழளவையும் குறிக்கும் முறையைக் கண்டார். இவ்வாறு அளவு கிடைத்துவிட்டது. ஆயின், அளவு உயர்ந்திருப்பது தீதா என்னும் வினா அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் விடையின்றிக் கிடந்தது. முதிர்ந்து இறுகிய குழாய்களின் வழியே இரத்தத்தைத் தள்ளுவதற்கு உயர்ந்த அழுத்தம் இன்றியமையாதது என்று கருதிய மருத்துவர் பலர். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டபோது, அவருடைய அழுத்தம் 300க்கு 190 எனக் குறிக்கப்பட்டது. உலகின் வலிமை மிக்க நாட்டின் தலைவருக்கே அந்நாளில் பயனுடைய மருந்து இருக்கவில்லை.

1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 5,209 ஆடவரும் பெண்டிரும் பல்லாண்டுக் கண்காணிப்புக்கு உட்பட்டனர். அழுத்தம் உயர உயர, மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவதை அந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆனால், இரண்டும் உடன் நிகழ்வதைக் காட்டுதல் வேறு. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று குறையும் என நிறுவுதல் வேறு. அப்பிற்பகுதியை நிறுவியது 1967இல் வெளிவந்த அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் சோதனை. கீழளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரைத் திருவுளச் சீட்டுப் போடுவதுபோல் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தனர். மருந்தற்ற மாத்திரை உண்ட 70 பேருள் 27 பேருக்குக் கடுங்கேடு நேர்ந்தது. மருந்துண்ட 73 பேருள் இருவர்க்கே நேர்ந்தது.

அதன்பின் 1991இல், மேலளவு மட்டும் உயர்ந்திருந்த 60 வயதும் அதற்கு மேலுமுள்ள 4,736 முதியோரிடையே நடந்த சோதனையில் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. 2015இல் 9,361 பேரிடையே நடந்த சோதனையில், மேலளவை 140க்குக் கீழே நிறுத்துவதினும் 120க்குக் கீழே நிறுத்துவது இதய நோய்க்கேடுகளை 25 விழுக்காடு குறைத்தது. அச்சோதனையில் மயக்கமும் சிறுநீரகக் கேடும் சிலர்க்கு மிகுந்தன என்பதையும், நீரிழிவு நோயாளர் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் உடன் கூறுதல் நேர்மை. எனவே இலக்கு யாது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உயர்ந்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கப்படும் என்பதில் வேறுபாடு இல்லை.

அளவு, தொடர்பு, சோதனை என மூன்று படிகளையும் ஏறி நிற்கும் கொள்கை இது.

உயிர்வளிக் கொள்கையின் எழுச்சி

இனி உயிர்வளியேற்றக் கொள்கையை நோக்குதல் வேண்டும். அதனை இகழ்ந்து ஒதுக்குவோர் அதன் வலிமையை அறியாதவரே.

நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளி உடலின் உயிரணுக்களில் நீராக மாறுகிறது. அம்மாற்றத்தின்போது அதன் ஒரு சிறு பகுதி நீராகாமல், 'சூப்பராக்சைடு' என்னும் நிலையற்ற பொருளாகிறது. அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கும் இயல்புடைய பொருள்கள் அதன்வழித் தோன்றுகின்றன. இரும்பைத் துரு அரிப்பதுபோல் இத்தகைய பொருள்கள் உடலை முதுமையடையச் செய்கின்றன என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்பார் எழுதினார். 1969இல் மெக்கார்ட், ஃபிரிடோவிச் என்னும் இருவர், சூப்பராக்சைடை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட நொதியொன்று உடலில் உள்ளதைக் கண்டனர். பகைவன் இல்லாத ஊரில் காவற்படை எதற்கு? அந்நொதியின் இருப்பே அப்பொருளின் தீமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

இதய நோயோடு இதனை இணைத்த ஆராய்ச்சிகள் இரண்டு. முதலாவது கொழுப்பைப் பற்றியது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள் இயல்பான நிலையில் இருக்கும்போது, குழாய்ச் சுவரிலுள்ள துப்புரவு உயிரணுக்கள் அதனை அளவோடு உட்கொள்ளுகின்றன. உயிர்வளியேற்றத்தால் திரிந்த துகளையோ அவை அளவின்றி விழுங்கி, நுரைபோல் பொங்கி, குழாயில் கொழுப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. டேனியல் ஸ்டீன்பெர்க்கும் அவருடன் உழைத்தோரும் 1989இல் இக்கொள்கையைத் தொகுத்து வெளியிட்டனர்.

இரண்டாவது இரத்த அழுத்தத்தைப் பற்றியது. இரத்தக் குழாயின் உட்படலம் ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்பதை 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளியே எனப் பின்னர்த் தெளிந்தது. அதன்பொருட்டு 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சூப்பராக்சைடு இந்த நைட்ரிக் ஆக்சைடை மிக விரைவில் பற்றி அழிக்கிறது. குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள், குழாய்ச்சுவர் உயிரணுக்களில் சூப்பராக்சைடு உண்டாவதைத் தூண்டுகிறது என்பதும் 1994இல் வெளியாயிற்று. எலிகளுக்கு அப்பொருளைச் செலுத்தியபோது இரத்த அழுத்தமும் சூப்பராக்சைடும் ஒருங்கே உயர்ந்தன.

இவை யாவும் ஆய்வுக்கூடத்தில் கண்டவை, மெய்யானவை. இவற்றைக் கண்டவர் குற்றம் செய்தாரல்லர்.

ஏதுப்போலி

மணிமேகலையின் 29ஆம் காதை, காட்சி, கருதல் என்னும் இரண்டு அளவைகளையும் கூறி, கருதலில் நேரும் பிழைகளைப் போலிகள் என வகுத்து விரித்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று ஏதுப்போலி. ஏதுப்போல் தோன்றி, ஏது ஆகாதது அது. அதன் வகைகளுள் அநைகாந்திகம் என்பது ஒன்று; ஒரு முடிவுக்கு மட்டும் உரியதாகாமல், அதற்கு மாறான முடிவுக்கும் இடங்கொடுக்கும் ஏதுவை அது குறிக்கும். உயிர்வளிக் கொள்கை சறுக்கிய இடம் அதுவே.

நோயுற்ற குழாயில் திரிந்த கொழுப்புக் காணப்படுகிறது. ஆகவே அத்திரிபே நோய்க்குக் காரணம் என்றனர். ஆயின், நோயுற்ற இடத்தில் அழற்சி நிகழ்வதால் கொழுப்புத் திரிந்தது என்று கூறினும் அதே காட்சி பொருந்துமன்றோ? ஏது ஒன்று, முடிவு இரண்டு. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு எனக் கருதுதல் பிழையன்று. புகைதான் நெருப்பை உண்டாக்கிற்று எனக் கருதுதலும், புகையை விசிறி அகற்றிவிட்டால் நெருப்பு அவிந்துவிடும் என நம்புதலுமே பிழை. திரிந்த கொழுப்பு நெருப்பா, புகையா, இரண்டிலும் பங்குடையதா என்பது அந்நாளில் முடிவு செய்யப்படவில்லை. முடிவு செய்யப்படுமுன்னரே வைட்டமின் புட்டிகள் கடைக்கு வந்துவிட்டன.

அவற்றுக்குத் துணைநின்றவை 1993இல் ஒரே மருத்துவ ஏட்டில் ஒருங்கே வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள். ஒன்று அமெரிக்கச் செவிலியர் 87,245 பேரை எட்டாண்டும், மற்றொன்று மருத்துவத் தொழில் சார்ந்த ஆடவர் 39,910 பேரை நான்காண்டும் கண்காணித்தது. வைட்டமின் இ மிகுதியாக உட்கொண்டவர்க்கு இதய நோய் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாக இருந்தது. எண்ணிக்கையோ பெரிது, ஏடோ புகழ் வாய்ந்தது. ஆராய்ச்சியாளர் தம் கட்டுரையில், திருவுளச் சீட்டு முறையில் சோதனை நடத்தும் வரை எல்லோருக்கும் இதனைப் பரிந்துரைத்தல் கூடாது என்னும் கருத்தினராகவே இருந்தனர். செய்தி பரப்பியோர் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

வைட்டமின் வாங்கி உண்பவர் யாவர்? தம் உடல்நலத்தில் அக்கறை கொண்டவர், கையில் பணமுள்ளவர், புகை பிடிப்பதைத் தவிர்ப்பவர், நடைப்பயிற்சி செய்பவர். வைட்டமின் உண்ணும் பழக்கம் இத்தனை பழக்கங்களோடு பிணைந்து கிடக்கிறது. தனிப்பாட நூல் வாங்கிய மாணவர் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றனர் என்பது கண்டு, நூலே மதிப்பெண் தந்தது என்று எந்த ஆசிரியரும் முடிவு செய்யார். நூல் வாங்கிக் கொடுத்த வீட்டில் விளக்கும் மேசையும், பாடம் கேட்கும் தாயும் இருந்ததையும் அவர் எண்ணிப் பார்ப்பார். கணக்கியலார் இவ்வேறுபாடுகளைக் கழிக்க முயன்றனர் என்பது மெய். அளந்து எழுதிய வேறுபாட்டைக் கழிக்கலாம்; அளக்காது விட்டதை எங்ஙனம் கழிப்பது?

சோதனையின் தீர்ப்பு

வைட்டமின் உண்பவர், உண்ணாதவர் என மக்கள் தாமே பிரியாமல், சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படின் இம்மயக்கம் தீரும். அவ்வாறு நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடையே நடந்த சோதனை 1994இல் முடிவு தந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்க்கு நுரையீரற் புற்று 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடையே நடந்த மற்றொரு சோதனை, அதே தீங்கு தோன்றியமையால் 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதே 1996இல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளரிடையே நடந்த சோதனை மட்டும் வைட்டமின் இ-க்குச் சார்பாக அமைந்தது. உயிர்போக்காத மாரடைப்பு அதில் வெகுவாகக் குறைந்தது. ஆனால், இறந்தோர் தொகை குறையவில்லை. கடை விளம்பரங்கள் முதற் செய்தியைப் பேசின, இரண்டாவதைப் பேசவில்லை.

2000இல் வெளிவந்த 'ஹோப்' சோதனை இவ்வரலாற்றின் திருப்புமுனை. 55 வயதும் அதற்கு மேலுமுள்ள, இதயக் கேட்டுக்கு இடமுள்ள 9,541 பேர் அதில் பங்குகொண்டனர். வைட்டமின் இ நாள்தோறும் 400 அலகு உண்டவருள் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் இவற்றுள் ஒன்றுக்கு ஆளானோர் 16.2 விழுக்காடு, வெறும் மாத்திரை உண்டவருள் 15.5 விழுக்காடு. பயன் இல்லை. அதே சோதனையில், ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் ராமிப்ரில் என்னும் மருந்தும் ஆராயப்பட்டது. அதனை உண்டவருள் கேட்டுக்கு ஆளானோர் 14.0 விழுக்காடு, உண்ணாதவருள் 17.8 விழுக்காடு. ஒரே களம், ஒரே மக்கள், ஒரே நடுவர். இரத்தக் குழாய் மருந்து வென்றது, வைட்டமின் தோற்றது. நடுவர் மீது பழிகூற இடமில்லாமற் போயிற்று.

2002இல் பிரிட்டனில் 20,536 பேரிடையே நடந்த சோதனையும் இவ்வாறே முடிந்தது. வைட்டமின் இ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றும் ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்தனர். இரத்தத்தில் அவற்றின் அளவு நன்கு உயர்ந்தது, நோய் குறையவில்லை. உடன் ஆராயப்பட்ட சிம்வாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைக்கும் மருந்தோ, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைத்தது. 2005இல் 39,876 பெண்களிடையேயும், 2008இல் 14,641 ஆண் மருத்துவர்களிடையேயும் நடந்த நெடுஞ்சோதனைகளில் இதயக்கேடுகளின் மொத்தத் தொகையை வைட்டமின் இ குறைக்கவில்லை. மருத்துவர்களிடையே மூளையில் இரத்தம் கசியும் பக்கவாதம் மிகுந்திருந்தது. இவற்றையெல்லாம் சீர்தூக்கிய அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, இதய நோயைத் தடுக்கும்பொருட்டு வைட்டமின் இ, பீட்டா கரோட்டின் இரண்டையும் உட்கொள்ள வேண்டா என 2022இல் பரிந்துரைத்தது.

தடையும் விடையும்

கொள்கைக்குச் சார்பானோர் கூறும் தடைகளையும் கேட்டல் வேண்டும். வைட்டமின் காலந்தாழ்த்திக் கொடுக்கப்பட்டது என்பர். அளவு தவறு என்பர். தேர்ந்தெடுத்த வைட்டமின் தவறு என்பர். சமன்கேடு உடையவர் யார் என்று அளக்காமலே எல்லோருக்கும் கொடுத்துவிட்டனர் என்பர். இவற்றுள் இறுதித் தடை வலிமையுடையது. இரத்த அழுத்தத்தை அளக்க ஒரு பட்டை இருப்பதுபோல், சமன்கேட்டை அளக்க எல்லோரும் ஒப்பும் எளிய கருவி இல்லை. அளவு இல்லாத இடத்தில் யாருக்கு மருந்து, எத்துணை மருந்து என்பதற்கு விடை ஏது? ஆயினும், அத்தடை வைட்டமின் விற்போர்க்குத் துணையாகாது, அவர்க்கே பகையாகும். என்னை? சமன்கேடு யாருக்கு உளது என்று அறியாமலே எல்லோருக்கும் விற்பவர் அவரே ஆதலின்.

உயிர்வேதியியலார் கூறும் விளக்கம் ஆழமானது. சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடைப் பற்றும் விரைவு மிகப் பெரிது. உண்ணும் வைட்டமின் அவ்விரைவோடு போட்டியிட்டு இடையே புகுதல் அரிது. அன்றியும், உயிர்வளியேற்றும் பொருள்கள் முழுப்பகை அல்ல. நோய்க்கிருமிகளைக் கொல்லுதற்கு வெள்ளணுக்கள் அவற்றையே படைக்கலமாகக் கொள்ளுகின்றன. உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புதற்கும் அவை பயன்படுகின்றன. துரு என்னும் உவமை இங்கே வழிதவறச் செய்தது. இரும்புக்குத் துருவினால் நன்மை யாதுமில்லை. உடலுக்கோ இப்பொருள்களால் நன்மையும் உண்டு. உவமை பொருளை விளக்கப் பிறந்தது. பொருளின் இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும்போது அது குற்றமாகும்.

ஆகவே, சோதனைகள் வீழ்த்தியது கொள்கை முழுமையையும் அன்று. வைட்டமின் மாத்திரை காக்கும் என்னும் கருதலையே அவை வீழ்த்தின. குழாய்ச் சுவரில் உயிர்வளியேற்றம் நிகழ்கிறது என்பது இன்றும் மெய். அதனைப் பிறப்பிடத்திலேயே தடுக்கும் மருந்து ஒருநாள் கிடைக்கலாம். ஆனால், தோல்வி நேருந்தோறும் புதிய காரணம் காட்டித் தப்பிக்கும் கொள்கை, எந்த முடிவு கிடைத்தால் தான் பிழையென ஒப்புக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே கூறக் கடமைப்பட்டது.

உணவின் இடம்

இவ்வளவும் கேட்டோர், காயும் கனியும் பயனற்றவை என்று கருதிவிடலாகாது. 1997இல் வெளிவந்த 'டாஷ்' சோதனையில் பங்குகொண்ட 459 பேருள் ஒரு பிரிவினருக்கு, காய்கனிகளும் கொழுப்புக் குறைந்த பால்பொருள்களும் மிகுந்த உணவு அளிக்கப்பட்டது. அழுத்தம் உயர்ந்திருந்தவர்க்கு மேலளவு சராசரி 11 புள்ளிக்கு மேல் குறைந்தது. 2021இல் வெளியான சீனநாட்டுச் சோதனை சிற்றூர்களில் நடந்தது. 600 ஊர்களில் 20,995 பேர் பங்குகொண்டனர். பாதி ஊர்களில், சோடிய உப்பின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசிய உப்பைக் கலந்து வழங்கினர். அவ்வூர்களில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகக் கோளாறுடையோர் மருத்துவரைக் கேளாமல் அத்தகைய உப்பை நாடுதல் கூடாது என்பதையும் மறத்தலாகாது. உணவு முழுமையாக நின்று உதவுகிறது. அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிழிந்தெடுத்து மாத்திரையாக்கினால் அதே பயன் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. செய்யுளில் சிறந்த சொல்லொன்றைப் பிரித்தெடுத்துத் தனியே வைத்தால் செய்யுளின் சுவை கிட்டாதது போன்றதே இதுவும்.

எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும்

தமிழில் வரும் உடல்நலக் கட்டுரைகளில் மிகுதியும் காணப்படும் தொடர், "ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துள்ளனர்" என்பது. இத்தொடர் உரை அளவையாக வந்து நின்று, வினாவை அடைத்துவிடுகிறது. கண்டது சோதனைக் குழாயிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடையே, எத்தனை ஆண்டு? மக்கள் தாமே பிரிந்தனரா, சீட்டினால் பிரிக்கப்பட்டனரா? குறைந்தது இரத்தத்தில் ஓர் எண்ணா, மெய்யான நோயும் மரணமுமா? இந்நான்கு வினாக்களுக்கும் விடை தராத கட்டுரை, எத்துணை இனிய தமிழில் எழுதப்பட்டிருப்பினும், அறிவியற் கட்டுரை ஆகாது. மேல்வகுப்பு மாணவர் ஒருவர் இந்நான்கு வினாக்களையும் கேட்கப் பழகிவிட்டால், அவர் கற்றது மருத்துவம் மட்டுமன்று. கருதலின் இலக்கணத்தையும் அவர் கற்றவராவார்.

இது ஏட்டளவில் முடியும் செய்தியன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோர் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். வலியில்லாத நோய் ஆதலின், மருந்தை நிறுத்தியவரும் உடனே வருந்துவதில்லை. நலமாகவே இருப்பதாக எண்ணுகின்றனர். அந்த எண்ணத்துக்கு வைட்டமின் புட்டி ஓர் ஆறுதலாக வந்து அமர்கிறது. பல்லாண்டு கழித்து ஒரு நாள் கையும் வாயும் விழுந்துவிடும்போது, எந்தக் கட்டுரை அவரை அவ்வழியில் அனுப்பியது என்று யாரும் கேட்பதில்லை.

சத்துக்குறை உண்டென மருத்துவர் கண்டு வைட்டமின் கொடுத்தால் அதனை உண்ணல் வேண்டும், அது வேறு. நோயற்ற நெஞ்சைக் காக்கவும், நோயுற்ற நெஞ்சை ஆற்றவும் அம்மாத்திரைகள் உதவும் என்பதற்குச் சான்று தேடப்பட்டது; நேர்மையோடும் பெரும் பொருட்செலவோடும் தேடப்பட்டது; கிடைக்கவில்லை. இரத்த அழுத்தத்தை அளந்து குறைத்தல் உயிர் காக்கும் என்பதற்குச் சான்று தேடப்பட்டது; கிடைத்தது. ஒன்று இன்னும் கருதலாகவே நிற்கிறது. மற்றொன்று சோதனையில் கண்ட காட்சி. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதும் பேனா, எத்துணை நல்லெண்ணத்தோடு எழுதினும், படிப்பவர்க்குத் தீங்கே செய்யும்.